ஜாங்கோ மாடல்களுக்கு கேஷ் போட்டும் பழைய விலை வருகிறது, வேகமும் கூடவில்லை: எங்கே பிழை?

ரேம்ப்_கிராணி (கேள்வி)

வணக்கம். மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப் (கொள்முதல் மையம்) ஒன்றுக்கான வலைச் செயலி இது. ஜாங்கோ 4.2 (பைத்தான் வலைக் கட்டமைப்பு), போஸ்ட்கிரஸ் 15 (தரவுத்தளம்), கூனிகார்னில் மூன்று வொர்க்கர் (கோரிக்கைகளைத் தனித்தனியாகக் கையாளும் செயல்முறைகள்). எல்லாம் 2 ஜிபி ரேம் உள்ள ஒரே சர்வரில் ஓடுகின்றன. மாடல்கள் (தரவுத்தள அட்டவணைகள்) நான்கு: தோட்டக்காரர் (640 பேர்), லோரி, விலை (தேதி, குலைத் தரம்), எடைச்சீட்டு (ஏறக்குறைய 360,000 வரிசை). நாளுக்கு 250 முதல் 300 சீட்டு விழும்.

மெதுவாக இருப்பவை மூன்று பக்கங்கள். எடைமேடையில் தோட்டக்காரரையும் அன்றைய விலையையும் காட்டும் பக்கம். ஆபீஸ் திரையில் 10 விநாடிக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும் 'இன்றைய மொத்த டன்' பக்கம். அன்றைய சீட்டுகளை எல்லாம் வரிசையாகக் காட்டும் பட்டியல் பக்கம். மாலை 5 முதல் 7 வரை, லோரிகள் வரிசை கட்டும் நேரத்தில், ஒவ்வொன்றும் திறக்க 4 முதல் 6 விநாடி ஆகிறது.

விலை, மொத்தம், தோட்டக்காரர் ஆகியவற்றை எடுக்கும் ஃபங்ஷன்களில் கேஷில் (எடுத்த பதிலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) படிக்கும் கேஷ்.கெட், எழுதும் கேஷ்.செட் சேர்த்தாயிற்று. ஆயுள் ஒரு மணி நேரம். செட்டிங்ஸில் கேஷுக்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை. விளைவு:

காலை 10.30க்கு அட்மின் பக்கத்தில் விலையை மாற்றினால், பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க ஒருமுறை புது விலை வருகிறது, ஒருமுறை பழைய விலை. சேமித்ததும் எழும் போஸ்ட்_சேவ் சிக்னலில் கேஷ்.டிலீட் இருக்கத்தான் செய்கிறது.

காலை 7 மணிக்கு ரேம்ப் திறந்ததும் திரையில் நேற்றைய மொத்தம் நிற்கிறது. 8 மணிக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது.

வேகம் சொல்லும்படி கூடவில்லை.

நான்கு மாடலுக்கும் பொதுவாக ஒரே கேஷ் அடுக்கு போட நினைக்கிறேன். மேனேஜரின் (மாடலிலிருந்து தரவை எடுத்துத் தரும் பகுதி) கெட் மெத்தடையே மாற்றி எழுதி, முதலில் கேஷில் தேடி, இல்லாவிட்டால் தரவுத்தளத்துக்குப் போகும்படி செய்யலாமா?

---

மூணாங்கட்டை

அடுக்கைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது: செட்டிங்ஸில் எதுவும் எழுதாவிட்டால் ஜாங்கோ எடுத்துக்கொள்வது லோக்மெம் கேஷ். அது ஒவ்வொரு வொர்க்கரின் நினைவகத்துக்குள்ளும் தனித்தனியாக இருக்கும். மூன்று கங்காணிகள் கையில் மூன்று பெரட்டுப் புத்தகம் (ஆள்கணக்கு ஏடு) இருப்பதைப் போல. ஒன்றில் அடித்துத் திருத்தினால் மற்ற இரண்டுக்கும் தெரியாது. அட்மின் கோரிக்கை எந்த வொர்க்கரிடம் போனதோ அதன் கேஷ் மட்டும்தான் டிலீட் ஆகும். மற்ற இரண்டும் ஒரு மணி நேரம் முடியும்வரை பழைய விலையையே சொல்லும். போதாக்குறைக்கு லோக்மெம் இயல்பாக வைத்துக்கொள்வது 300 உருப்படி மட்டுமே. நிரம்பியதும் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்துவிடும். உங்களிடம் தோட்டக்காரர்கள் மட்டும் 640 பேர். போட்டதெல்லாம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வொர்க்கர் இருந்தால் எல்லோருக்கும் பொதுவான ஒரு கேஷ் கட்டாயம் வேண்டும், ரெடிஸ் அல்லது மெம்கேஷ்ட் போல. ஜாங்கோ 4.0 முதல் ரெடிஸ் பேக்எண்ட் உள்ளேயே வருகிறது. பைத்தானுக்கான ரெடிஸ் நூலகத்தை மட்டும் நிறுவினால் போதும்.

இரண்டாவது: அநேகமாக 'டைம்சோன்.நவ்' கொடுக்கும் நேரத்திலிருந்து தேதியைப் பிரித்து எடுத்திருக்கிறீர்கள். அது யுடிசி (உலகப் பொது நேரம்). நம் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னே. ஆகவே காலை 8 மணி ஆகும்வரை அங்கே தேதி நேற்றுதான். கேஷ் சாவியிலும் (கேஷில் தேடும் பெயர்) குவெரியிலும் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) நேற்றைய தேதியே போய் உட்கார்ந்துகொள்கிறது. செட்டிங்ஸில் டைம்_சோன் மதிப்பை 'ஏசியா/கோலாலம்பூர்' என வைத்து, தேதி தேவைப்படும் இடமெல்லாம் 'டைம்சோன்.லோக்கல்டேட்' பயன்படுத்துங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். 300 சீட்டைக் கூட்டுவதற்கு 4 விநாடி ஆகிறது என்றால் கோளாறு குவெரியில். அதன்மேல் கேஷைப் போர்த்தினால், கேஷ் காலியாக இருக்கும் ஒவ்வொரு முறையும் அதே 4 விநாடி திரும்ப வரும்.

எங்கே பார்க்க வேண்டும் என்றால்: பட்டியல் பக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் தோட்டக்காரர் பெயரும் லோரி எண்ணும் காட்டுகிறீர்கள் அல்லவா? தொடர்புள்ள அட்டவணையையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட்_ரிலேட்டட் இல்லாவிட்டால் 200 சீட்டுக்கு 1 + 200 + 200, மொத்தம் 401 குவெரி போகும். செலக்ட்_ரிலேட்டடில் இரண்டு ஃபாரின்கீயின் (வேறு அட்டவணையைச் சுட்டும் புலம்) பெயரையும் கொடுத்தால் அது ஒரே குவெரி. ஜாங்கோ டீபக் டூல்பாரைப் போட்டு எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, 'எடைநேரம்__டேட் = இன்று' என்று வடிகட்டியிருந்தால் ஜாங்கோ அந்த நெடுவரிசையை நேரமண்டலம் மாற்றி, பிறகு தேதியாக மாற்றி ஒப்பிடும். நெடுவரிசை ஒரு கணக்குக்குள் போய்விட்டதால் அதன்மேல் இருக்கும் சாதாரண இண்டெக்ஸ் (விரைவுத் தேடல் பட்டியல்) பயன்படாது. 360,000 வரிசையையும் முழுக்கப் படிக்கும். போஸ்ட்கிரஸில் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டால் 'சீக் ஸ்கேன்' (முழு வாசிப்பு) என்று காட்டும். அதற்குப் பதிலாக இன்று நள்ளிரவு 12 மணிக்குச் சமமாக அல்லது அதற்குப் பிறகு, நாளை நள்ளிரவுக்கு முன் என்று இரண்டு எல்லை கொடுங்கள். எடைநேரத்தின்மேல் இண்டெக்ஸ் இருந்தால் அன்றைய 300 வரிசையை மட்டும் தொடும். இண்டெக்ஸை ஓடுகிற சர்வரில் சேர்ப்பதாக இருந்தால் 'ஆட்இண்டெக்ஸ்கன்கரண்ட்லி' ஆபரேஷனைப் பயன்படுத்தி, அந்த மைக்ரேஷனில் (அட்டவணை மாற்றக் கோப்பு) அட்டாமிக்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். சாதாரண முறையில் போட்டால் இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை புதுச் சீட்டு எழுத முடியாமல் எடைமேடை நின்றுவிடும்.

640 தோட்டக்காரர்களில் தேடுவதற்கு கேஷே தேவையில்லை. அந்த அளவு அட்டவணையை போஸ்ட்கிரஸ் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும்.

---

செம்பனை_சர்வர்

மேலே சொன்னதை முடித்த பிறகும் கேஷ் வேண்டும் என்றால் இதைப் படியுங்கள்.

மேனேஜரின் கெட்-ஐ மாற்றி எழுத வேண்டாம். காரணம் இது: அப்படிச் செய்தால் எழுதுவதற்காக எடுக்கும் பொருளும் கேஷிலிருந்தே வரும். ஜாங்கோவின் சேவ், எந்தெந்தப் புலம் என்று சொல்லாவிட்டால், எல்லா நெடுவரிசையையும் எழுதும். ஒரு கிராணி (எழுத்தர்) தோட்டக்காரரின் கைப்பேசி எண்ணைத் திருத்துகிறார். இன்னொரு பக்கத்தில் கேஷிலிருந்து வந்த பழைய பொருளில் முகவரியை மாற்றி சேவ் செய்கிறார்கள். பழைய கைப்பேசி எண் திரும்ப வந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. யார் மாற்றியது என்றும் தெரியாது.

ஆகவே படிப்பதற்கு மட்டும் ஒரு தனிக் கோப்பு வையுங்கள். அதில் இரண்டே ஃபங்ஷன் போதும்: அன்றைய விலைப்பட்டியல், தோட்டக்காரர் சுருக்கம். மாடல் பொருளை அப்படியே கேஷில் போடாமல், தேவையான புலங்களை மட்டும் எடுத்து டிக்‌ஷனரியாகப் போடுங்கள். மாடல் பொருளைப் போட்டால் அது பிக்கிள் (பைத்தான் பொருளை பைட்டுகளாக்கும் முறை) ஆகிச் சேரும். நாளைக்கு மாடலில் ஒரு புலம் சேர்த்து மைக்ரேஷன் ஓட்டினால், கேஷில் கிடக்கும் பழைய பொருளில் அந்தப் புலம் இருக்காது. ஜாங்கோ அதைத் தள்ளிவைத்த புலம் என்று எடுத்துக்கொண்டு, தொடும்போதெல்லாம் தனிக் குவெரி அனுப்பும். நீக்கிய 401 குவெரி பின்வாசல் வழியே திரும்ப வரும். சாவியில் ஒரு பதிப்பு எண்ணும் இருக்கட்டும், 'விலை:வி1:...' என்பதுபோல. டிக்‌ஷனரியின் அமைப்பை மாற்றும்போது அதை வி2 ஆக்கினால் பழையதைத் தேடி அழிக்க வேண்டிய வேலை இல்லை.

இப்போது அழிக்கும் விஷயம். ஜாங்கோ அட்மின் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் செய்கிறது. போஸ்ட்_சேவ் சிக்னல் வருவது அந்த டிரான்ஸாக்‌ஷன் முடிவதற்கு முன்னால். நீங்கள் கேஷை அழித்த அடுத்த நொடி, கமிட் (மாற்றம் தரவுத்தளத்தில் உறுதியாவது) ஆவதற்குள் எடைமேடையிலிருந்து ஒரு கோரிக்கை வந்தால், கேஷ் காலி என்று பார்த்து, தரவுத்தளத்தில் பழைய விலையைப் படித்து, அதைக் கேஷில் திரும்ப வைத்துவிடும். பிறகு கமிட் ஆகும். பழைய விலை ஒரு மணி நேரம் நிற்கும். ஆகவே அழிப்பதை 'டிரான்ஸாக்‌ஷன்.ஆன்_கமிட்'டுக்குள் வையுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு சிறு சந்து மிஞ்சுகிறது. படிப்பவர் கமிட்டுக்கு முன் பழையதைப் படித்துவிட்டு, அழித்ததற்குப் பின் கேஷில் எழுதினால்? இதைத் தலைமுறைச் சாவியால் அடைக்கலாம். 'விலை:தலைமுறை' என்று ஒரு சாவி. அதன் மதிப்பு ஒரு தற்செயல் எழுத்துச்சரம். படிப்பவர் முதலில் தலைமுறையை எடுத்து, அதையும் சேர்த்துத் தன் சாவியை அமைத்து, பிறகே தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். விலை மாறினால், ஆன்_கமிட்டில் தலைமுறைக்குப் புது எழுத்துச்சரம். மெதுவாக வந்தவர் பழைய விலையை எழுதினாலும் அது பழைய தலைமுறைச் சாவியில்தான் போய்ச் சேரும். அதை இனி யாரும் கேட்கப்போவதில்லை. 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். நினைவகம் நிரம்பி அந்தச் சாவி வெளியேற்றப்பட்டால் மறுபடி 1இல் தொடங்கி, எப்போதோ போட்ட பழைய மதிப்பு உயிர்பெற்று வரும்.

இன்னொன்று: கேஷ்.கெட் 'இல்லை' என்பதற்கும் நன்-ஐத்தான் (பைத்தானின் வெற்று மதிப்பு) தருகிறது. ஒரு தரத்துக்கு இன்று விலையே போடவில்லை என்ற பதிலும் நன்தான். இரண்டையும் பிரிக்க, ஒரு தனிப் பொருளை டிஃபால்ட்டாகக் கொடுத்து ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் விலை போடாத தரத்துக்கு ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் வரை போய்வரும்.

கடைசியாக ஒன்று. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சீட்டைச் சேமிக்கும் இடத்தில் விலையைக் கேஷிலிருந்து எடுக்கவே கூடாது. எண்ணெய்ப் பிழிவு 1 விழுக்காட்டுக்கான விலையைப் பிழிவு விழுக்காட்டால் பெருக்கித்தான் டன் விலை வருகிறது. எடுத்துக்காட்டாக 42 வெள்ளி (ரிங்கிட்), பிழிவு 19 விழுக்காடு என்றால் டன்னுக்கு 798 வெள்ளி. 42 என்பது 41.50 ஆக இருந்த பழைய விலை கேஷில் கிடந்தால் 788.50. மூன்று டன் கொண்டுவந்தவருக்கு 28.50 வெள்ளி குறையும். அது அவர் உழைத்த பணம். சேமிக்கும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் விலையைத் தரவுத்தளத்திலேயே படித்து, படித்த விலையைச் சீட்டின் வரிசையிலும் எழுதிவையுங்கள். கேஷ் திரையில் காட்டுவதற்கு மட்டும்.

---

ரேம்ப்_கிராணி

இரண்டு பேருக்கும் நன்றி. தேதி நீங்கள் சொன்னபடியே யுடிசியாக இருந்தது. பட்டியல் பக்கத்தில் டூல்பார் 437 குவெரி காட்டியது. செலக்ட்_ரிலேட்டட் போட்டதும் 5.

மூன்று சந்தேகம். விலைகளை எக்ஸெல் கோப்பிலிருந்து ஏற்றும்போது பல்க்_அப்டேட் பயன்படுத்துகிறேன், அதற்கும் சிக்னல் வருமா? லாகின் செஷனையும் கேஷிலேயே வைக்கலாமா? இதையெல்லாம் தானே செய்யும் கேஷ்ஆப்ஸ், கேஷலாட் போன்ற பேக்கேஜ்களைப் போட்டுவிட்டால் என்ன?

---

பாரிட்_ஓரம்

பல்க்_அப்டேட், பல்க்_கிரியேட், குவெரிசெட்டின் அப்டேட் இவை எதற்கும் போஸ்ட்_சேவ் வராது. நேரடி எஸ்கியூஎல்லுக்கும் வராது. சிக்னலை நம்புவதைவிட, விலையை மாற்றும் வேலை முழுவதையும் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவந்து, அட்மினின் சேவ்_மாடலும் எக்ஸெல் ஏற்றமும் அதையே அழைக்கும்படி செய்யுங்கள். தலைமுறையை மாற்றும் வரி அந்த ஒரு இடத்தில் இருந்தால் போதும்.

செம்பனை_சர்வர் அண்ணன் சொன்ன தலைமுறைச் சாவி விலைப்பட்டியலுக்குச் சரி. தோட்டக்காரர் சுருக்கத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு வாசிப்புக்கும் ரெடிஸுக்கு இரண்டு நடை ஆகிறது, தலைமுறை தெரியாமல் அடுத்த சாவியை அமைக்க முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்து ஒரே நடையில் கேட்கவும் முடியாது. ஒருவரின் பெயர் திருத்தம் ஒரு நிமிடம் தாமதமாகத் தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆன்_கமிட்டில் டிலீட், ஆயுள் 60 விநாடி, அவ்வளவுதான். எல்லோருடைய ஆயுளும் ஒரே நொடியில் முடியாமல் இருக்க 60 முதல் 75க்குள் ஏதாவது ஒரு எண்ணைத் தற்செயலாகக் கொடுங்கள்.

'இன்றைய மொத்தம்' பக்கத்துக்கு இண்டெக்ஸ் போட்ட பிறகு கேஷே தேவைப்படாது. தேவைப்பட்டால் 10 விநாடி ஆயுள் வைத்து, அழிப்பது என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். திரையே 10 விநாடிக்கு ஒருமுறைதான் கேட்கிறது.

ரெடிஸ் விஷயம் கவனம். 64 பிட் சர்வரில் அதன் மேக்ஸ்மெமரி இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. 2 ஜிபியில் போஸ்ட்கிரஸும் குடியிருக்கும்போது அது வேண்டாத வேலை. உங்கள் தரவுக்கு ஆளுக்கு 1 கேபி என்று பார்த்தாலும் 640 பேருக்கு 1 எம்பி கூட வராது. 64 எம்பி என்று வரம்பு வையுங்கள். வெளியேற்றும் கொள்கை இயல்பாக 'நோஎவிக்‌ஷன்'. அப்படியே விட்டால் நிரம்பியதும் எழுத மறுத்து எரர் கொடுக்கும். 'ஆல்கீஸ்-எல்ஆர்யூ' (நெடுநேரம் தொடாத சாவியை முதலில் வெளியேற்றுவது) என்று மாற்றுங்கள். கேஷ் மட்டும் என்பதால் வட்டில் ஸ்னாப்ஷாட் எடுப்பதையும் அணைத்துவிடலாம்.

இதே காரணத்தால்தான் செஷனை அங்கே வைக்கக் கூடாது. ஆல்கீஸ் என்றால் எந்தச் சாவியும் வெளியேறலாம். நினைவகம் நிரம்பினால் எடைமேடைக் கிராணி பாதிச் சீட்டில் லாக்அவுட் ஆவார். ரெடிஸில் 0, 1 என்று டேட்டாபேஸ் எண் மாற்றிப் பிரித்தாலும் பயனில்லை. மேக்ஸ்மெமரி முழு இன்ஸ்டன்ஸுக்கும் ஒன்றுதான். செஷன் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும், அது ஜாங்கோவின் இயல்பும்கூட.

ரெடிஸ் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஜாங்கோவின் உள் பேக்எண்ட் எக்ஸெப்ஷனை அப்படியே எழுப்பும், பக்கம் 500 (சர்வர் பிழை) ஆகிவிடும். வாசிப்பு ஃபங்ஷனில் அதைப் பிடித்து, லாகில் எழுதி, தரவுத்தளத்துக்குப் போக விடுங்கள். சாக்கெட் டைம்அவுட் அரை விநாடி வையுங்கள். டைம்அவுட் இல்லாவிட்டால் பதில் சொல்லாத ரெடிஸுக்காக மூன்று வொர்க்கரும் காத்து நிற்கும்.

ரெடிஸை 127.0.0.1இல் மட்டும் கட்டுங்கள். 6379 போர்ட் வெளியே தெரியக் கூடாது. ஜாங்கோ கேஷில் வைப்பது பிக்கிள் செய்த தரவு. அதில் எழுத முடிந்தவரால் உங்கள் சர்வரில் தன் நிரலையே ஓடவைக்க முடியும்.

பேக்கேஜ் பற்றி: கேஷலாட் ஒரு அட்டவணையில் எது எழுதப்பட்டாலும் அந்த அட்டவணையைத் தொட்ட எல்லாக் குவெரியின் கேஷையும் செல்லாததாக்கும். சாயங்காலம் நிமிடத்துக்கு இரண்டு மூன்று சீட்டு விழும் அட்டவணையில் அது போடுவதும் அழிப்பதுமாகவே இருக்கும். விலை, லோரி போன்ற அமைதியான அட்டவணைகளுக்கு நன்றாக வேலை செய்யும். கேஷ்ஆப்ஸ் நிபந்தனைவாரியாக அழிக்கிறது, ஆனால் அப்டேட் போன்றவற்றுக்கு அதன் சொந்த மெத்தடைத்தான் அழைக்க வேண்டும். உங்களுக்கு இருப்பதோ இரண்டு ஃபங்ஷன். கையால் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது எளிது.

டெஸ்ட் எழுதும்போது ஒன்று தடுக்கும். டெஸ்ட்கேஸ் ஒவ்வொன்றும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓடி முடிவில் ரோல்பேக் (ரத்து) ஆவதால் ஆன்_கமிட் நடக்கவே நடக்காது. நிரல் சரியாக இருந்தும் டெஸ்ட் தோற்கும். 'கேப்சர்ஆன்கமிட்கால்பேக்ஸ்' என்பதை எக்ஸிக்யூட் ட்ரூ என்று கொடுத்துப் பயன்படுத்துங்கள். 'அசெர்ட்நம்குவெரீஸ்' கொண்டு முதல் அழைப்புக்கு 1, இரண்டாவதுக்கு 0, விலை மாற்றியபின் மறுபடி 1 என்று பாருங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கு முன்னும் கேஷ்.கிளியர்.

---

ரேம்ப்_கிராணி

புரிந்தது. தோட்டக்காரர்கள் கைப்பேசியில் பார்க்கும் 'என் சீட்டுகள்' பக்கமும் ஒன்று இருக்கிறது. அதன் டெம்ப்ளேட்டில் 'கேஷ் 600 சீட்டுகள்' என்ற டேக் போட்டிருக்கிறேன். அதை அப்படியே ரெடிஸுக்கு மாற்றினால் போதுமா?

---

மூணாங்கட்டை

அதை உடனே எடுத்துவிடுங்கள். அந்த டேக்கின் சாவி நீங்கள் கொடுத்த 'சீட்டுகள்' என்ற பெயர் மட்டுமே. யார் லாகின் செய்தார் என்பது அதற்குத் தெரியாது. முதலில் திறந்தவரின் சீட்டுகளை அடுத்த 600 விநாடிக்கு எல்லோருக்கும் காட்டும். இதுவரை லோக்மெம் மூன்றாகப் பிரிந்து கிடந்ததால் சில நேரம் மட்டும் நடந்திருக்கும். ரெடிஸுக்குப் போனால் எல்லோருக்கும் நடக்கும். டேக் வேண்டும் என்றால் பெயருக்குப் பின்னால் பயனரின் ஐடியையும் கொடுங்கள், அப்போது ஆளுக்கொரு சாவி ஆகும். ஆனால் இங்கே தேவை கேஷ் இல்லை: தோட்டக்காரர், எடைநேரம் இரண்டும் சேர்ந்த ஒரு இண்டெக்ஸ், எடைநேரம் இறங்குவரிசையில். கடைசி 30 சீட்டை மட்டும் காட்டுங்கள்.

தோட்டக்காரர் சுருக்கத்தில் என்னென்ன புலம் போகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். பெயர், லைசென்ஸ் எண், வழக்கமான லோரி போதும். அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் ரெடிஸுக்குள் போக வேண்டாம், அவை பணம் போடும் நாளில் மட்டும் தரவுத்தளத்திலிருந்து வரட்டும்.